வியட்நாமில் ஜோடியாக முதுகுப்பைப் பயணம்: விசா முதல் திரும்பும் நாள் வரை

நானும் என் கணவரும் ஒரு மார்ச் மாதம் வியட்நாமில் 24 நாள் சுற்றினோம். ஹனோயில் இறங்கி, தெற்கே ஹோ சி மின் நகரில் திரும்ப விமானம் ஏறினோம். ஆளுக்கு ஒரு முதுகுப்பை. ஏற்பாட்டாளர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று நான்கு ஜோடிகள் எங்களிடம் விசாரித்துவிட்டுப் போய் வந்தார்கள். நாங்கள் திணறிய இடங்களிலேயேதான் பெரும்பாலும் அவர்களும் திணறினார்கள்.

எந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே இல்லை. தூக்கம், சாப்பாடு, துணி, காய்ச்சல், தொலைந்துபோன போன் ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பயணம் இனிப்பதும் கசப்பதும் இவற்றில்தான்.

ஜோடியாகப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பணம் ஒருவரிடம், டிக்கெட்டெல்லாம் ஒரே போனில், மருந்து ஒரே பையில், சாப்பாடு ஒரே தட்டில். ஒன்று கெட்டால் இருவரும் சேர்ந்து முடங்குகிறார்கள். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இதைத் தவிர்க்கத்தான். முதல் நான்கையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

1. விசா: பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இ-விசா கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். ஜோடிக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் கிடையாது, ஆளுக்கு ஒன்று போட வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் விஎன்' (gov.vn) என்று முடியும். அதே மாதிரித் தோற்றத்தில் வேறு தளங்கள் நிறைய இருக்கின்றன. அவை இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்கும். முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்த பிறகே கார்டு எண்ணைப் போடுங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும். இனிஷியல், அப்பா பெயர், காலியாக விட்ட குடும்பப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த கணவர் பெயர் என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடிதான் விசாவிலும் விமான டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஜோடியில் மனைவியின் டிக்கெட் பழைய பெயரிலும் விசா புதிய பெயரிலும் இருந்தது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்புதான் கவனித்தார்கள். டிக்கெட்டை மாற்றுவதற்குள் வீடே கலங்கிப்போனது.

மூன்று வேலை நாளில் வந்துவிடும் என்பார்கள். நீங்கள் மூன்று வாரம் முன்னதாகவே போடுங்கள். பிழை இருந்தால் மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும், அதற்கு நேரம் வேண்டும். விசா வந்ததும் உங்களுடையதை அவரும் அவருடையதை நீங்களும் படித்துச் சரிபாருங்கள். சொந்தப் பெயரில் உள்ள பிழை சொந்தக் கண்ணுக்குப் படாது. அப்புறம் ஆளுக்கு இரண்டு அச்சுப் பிரதி எடுத்து இரண்டு பைகளிலும் வையுங்கள்.

2. பணமும் போனும்: எதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது

நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்குங்கள், ஏடிஎம் வரம்பையும் தனியாகப் பாருங்கள். இதை ஊரில் செய்வதற்குக் காரணம் ஓடிபி. வெளிநாட்டில் சிம் மாற்றிய பிறகு ஓடிபி வராமல் தவித்தவர்கள் அதிகம்.

அதனால் ஒருவருடைய இந்திய சிம்மையாவது ரோமிங் இயக்கி அப்படியே வையுங்கள், டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். இருவரும் அங்கே உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்து மற்றவருக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போதாது. சந்தைக் கூட்டத்தில் கை விலகிய அடுத்த நிமிடமே ஹாட்ஸ்பாட் இல்லாதவருக்கு வரைபடமும் இல்லை, கூப்பிட வழியும் இல்லை.

கார்டுகளை இப்படிப் பிரித்தோம்: ஆளுக்கு ஒரு கார்டு உடம்போடு, ஆளுக்கு ஒரு மாற்றுக் கார்டு அடுத்தவர் பையின் அடியில். என் கைப்பை போனால் என் இரண்டாவது கார்டு அவர் பையில் இருக்கும். நூறு டாலர் நோட்டு ஒன்று காலணிப் பைக்குள் கடைசிவரை இருந்தது. அதைத் தொட வேண்டியே வரவில்லை, இருந்தாலும் அது இருக்கிற தைரியம் பெரியது.

டாங் என்ற வியட்நாம் பணத்தின் கணக்கு முதல் இரண்டு நாள் தலையைச் சுற்றும். ஒரு லட்சம் டாங் ஏறக்குறைய 340 ரூபாய். கடைசி மூன்று சுழிகளை விட்டுவிட்டு மூன்றால் பெருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். விலைப்பட்டியலில் 50 கே என்றால் ஐம்பதாயிரம், 170 ரூபாய் சொச்சம். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீல நிறம், இரண்டிலும் ஒரே முகம். இருட்டில் மாற்றிக் கொடுத்தால் 1,600 ரூபாய்க்கு மேல் போய்விடும். 5,00,000 நோட்டுகளைப் பர்ஸின் வேறு அறையில் வையுங்கள்.

3. பை: ஏழு கிலோவில் அடங்க வேண்டும்

குறைந்த கட்டண விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். 40 லிட்டருக்கு மேல் பை வாங்காதீர்கள். பெரிய பை இருந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும். ஆளுக்கு நான்கு செட் துணி, ஒரு சால்வை, மழைக்கோட்டு, மெல்லிய துண்டு, செருப்பு, மூன்று மீட்டர் நைலான் கயிறு போதும். சால்வையை விடாதீர்கள். குளிரூட்டிய பேருந்திலும் ரயிலிலும் அதுதான் போர்வை, சில இடங்களில் தலையணை உறையும் அதுதான்.

ஆளுக்கு ஒரு செட் துணியை அடுத்தவர் பையில் வையுங்கள். ஒரு பை நனைந்தாலோ தொலைந்தாலோ யாரும் ஈரத்துணியோடு நிற்க வேண்டியதில்லை.

மருந்தை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு பையிலும் பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், கட்டுத்துணி, வாந்திக்கான மாத்திரை. தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு, பயண நாட்களைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளியோதரைப் பொடி கொண்டு போகலாம். தொக்கும் ஊறுகாயும் கைப்பையில் போகாது. விமான நிலையச் சோதனையில் அம்மா போட்டுக்கொடுத்த தக்காளித் தொக்கை ஒரு ஜோடி அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் போக வேண்டும், பதிவுப் பையில் போடக் கூடாது.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே அப்படியே பொருந்தும். நம்முடைய மூன்று முள் பிளக் பொருந்தாது, அதற்கு மாற்றி வேண்டும்.

4. வழித்தடம்: ஊர்களைக் குறையுங்கள்

ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். விடாமல் போனாலே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் பத்து ஊர்களைத் திணித்தால் பாதி விடுமுறை பேருந்திலேயே போய்விடும்.

எங்கள் கணக்கு இதுதான்: ஒரு ஊரில் குறைந்தது மூன்று இரவு, அடுத்தடுத்து இரண்டு இரவு வண்டியில் கழிக்கக் கூடாது. ஐந்தாவது, ஆறாவது நாள் வாக்கில் ஒரு முழுநாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். துணி துவைக்க, தூங்க, அம்மாவோடு சாவகாசமாகப் பேச அந்த நாள் வேண்டும். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு ஒன்பது என்றால் வீட்டில் ஏழரை, பேசுவதற்குத் தோதான நேரம்.

மாதத்தையும் பாருங்கள். நடு வியட்நாமில் ஹியூ, ஹோய் அன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கில் சாபா மாதிரி மலை ஊர்களில் நடுக்கும் குளிர். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் டெட் என்ற அவர்களுடைய புத்தாண்டில் ரயிலில் இடம் கிடைக்காது, பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

5. இரவுப் பயணம்: அதிகம் தடுமாறும் இடம்

முதலில் தேதி. இரவு 12:30க்குப் புறப்படும் பேருந்து என்றால் அது அடுத்த நாள் தேதி. "சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம்" என்று நினைத்துச் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தால், வண்டி வெள்ளி நள்ளிரவு தாண்டியதுமே போயிருக்கும். நான்கு ஜோடிகளில் இரண்டு ஜோடி இதில் மாட்டினார்கள்.

அடுத்தது சேரும் நேரம். அதிகாலை நான்கரைக்கு ஒரு ஊரில் இறங்கினால் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். காலை ஏழுக்கு மேல் சேரும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். வீண்செலவு என்று தோன்றும். தூங்காத இரவுக்குப் பிறகு வரவேற்பறை நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ரயிலில் நான்கு படுக்கை உள்ள மென்படுக்கை அறைக்குக் கதவு உண்டு. ஆறு படுக்கை வகையில் மூன்று அடுக்கு, மேல் படுக்கையில் உட்காரவே முடியாது. நான்கு படுக்கை அறையில் ஒரே பக்கத்துக் கீழ், மேல் இரண்டையும் எடுங்கள். பைகள் கீழ்ப்படுக்கையின் அடியில் உங்கள் பார்வையிலேயே இருக்கும். பகலில் இருவரும் கீழே சேர்ந்து உட்காரலாம், இரவில் மேலே ஏறியவரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

படுக்கைப் பேருந்தில் ஏறும்போதே காலணியைக் கழற்றிக் கொடுக்கும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கைகள் மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. கால் நீட்டும் இடம் முன்னால் இருப்பவரின் தலைக்கு அடியில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும். ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கையைக் கேளுங்கள், கடைசி வரிசை குலுக்கி எடுத்துவிடும். சில தடங்களில் திரை போட்ட இருவர் அறையுள்ள பேருந்தும் ஓடுகிறது. கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அதை எடுங்கள்.

நடுவில் இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஹனோயிலிருந்து ஃபோங் ஞா போகும் வழியில் இரவு ஒரு மணிக்கு வண்டி நின்றது. என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் கூடையில் கிடந்த பொதுச்செருப்பை மாட்டிக்கொண்டு நான் மட்டும் கழிவறைக்கு இறங்கினேன். போன் படுக்கையில் சார்ஜில் இருந்தது. திரும்பி வந்தால் ஒரே நிறத்தில் ஐந்து பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடுகிறது. எங்கள் வண்டியின் எண் தெரியாது. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே இருட்டு. முதல் வண்டியில் ஏறி மூன்றாவது படுக்கையைத் தொட்டேன், யாரோ ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் நான்காவது வண்டியின் முன்கண்ணாடியில் தொங்கிய சிவப்புக் குஞ்சம்தான் காப்பாற்றியது. ஏறும்போது அது என் தலையில் இடித்திருந்தது. அவரை எழுப்பினேன். "என்னம்மா, ஊர் வந்துருச்சா?" என்றார். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

அதிலிருந்து எங்களுக்கு மூன்று விதிகள். இறங்குகிறவர் அடுத்தவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். போன் கையில் இருக்க வேண்டும். இறங்கியதும் முதல் வேலையாக வண்டி எண்ணைப் படம் எடுக்க வேண்டும். விழித்திருப்பவர் உள்ளே இருந்தால் வண்டியை நிறுத்திவைக்க ஒரு குரலாவது இருக்கும்.

6. அறை: பை இறக்கும் முன் பத்து நிமிடம்

மலிவான அறைகளில் பல ஜன்னலே இல்லாதவை. முன்பதிவுப் பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு இரவுக்குப் பரவாயில்லை, மூன்று இரவு என்றால் பகலா இரவா என்று தெரியாமல் எரிச்சல் வரும். ஜன்னலுக்குக் கூடக் கொடுப்பதில் தவறே இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் ஒருவர் மேலே போய்ப் பாருங்கள், ஒருவர் பைகளோடு கீழே இருங்கள். வெந்நீர் வருகிறதா, கதவு உள்ளே தாழ் விழுகிறதா, ஏசி ஓடுகிறதா, மெத்தை ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். அந்தப் புள்ளி மூட்டைப்பூச்சியின் அடையாளம். இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறிவிட்டால், அறை மோசமாக இருந்தாலும் அலுப்பில் சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி, பெரும்பாலான அறைகளில் கழிவறையில் கைக்குழாய் இருக்கும். கழிவறையும் குளியலும் ஒரே ஈரத்தரையில் இருப்பதால் செருப்போடு போங்கள், டிஷ்யூவைக் குழியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பல விடுதிகளில் வாசலில் தண்ணீர் கேன் இருக்கும், பாட்டிலை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

வெளிநாட்டவர் தங்குவதை விடுதிக்காரர் போலீஸில் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் பதிந்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். "நாளைக்குத் தருகிறோம்" என்று டிராயரில் வைத்தால் அதிகாலைப் பேருந்துக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடும்.

7. சாப்பாடு: முதலில் ஒரு சொல், பிறகு ஒரு விதி

சைவம் சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'சாய்' (chay). சைவம் என்று பொருள். அந்தச் சொல்லை அவர்கள் எழுத்தில் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பலகையிலேயே அது இருந்தால் முழுச்சைவக் கடை. வழக்கமான கடையில் போய் "கறி வேண்டாம்" என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். குழம்பு எலும்பில் கொதித்தது, மேலே ஊற்றுவது மீன் சாறு. அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அது சைவம் கேட்பதாகவே தோன்றாது.

பௌத்தக் குடும்பங்கள் பல சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். நம் நாட்காட்டியின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அது வரும். அந்த நாட்களில் தெருவோரத்திலும் சாய்க் கடைகள் முளைக்கும். தினசரி நாட்காட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனோம், நன்றாகவே உதவியது.

விதி இதுதான்: நீண்ட பயணத்துக்கு முந்தைய வேளையில் இருவரும் ஒரே புதுச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒருவர் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும், மற்றவர் வெறும் சோறும் கீரையும் சாப்பிடட்டும். வயிறு கெட்டால் ஒருவருக்குத்தான் கெடும், இன்னொருவர் ஓடியாட இருப்பார்.

பத்தாம் நாள் வாக்கில் நாக்கு நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். சிறு கடைகளில் கப்பில் விற்கும் தயிர் பெரும்பாலும் இனிப்பு. மூடியில் 'கொங் துவோங்' (không đường) என்று எழுதியிருந்தால் சர்க்கரை இல்லாதது. பக்கத்துக் கடையில் வெள்ளைச்சோறு ஒரு பொட்டலம் வாங்கி, அறையின் வெந்நீர்க் கெட்டிலில் கொதித்த தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, இரண்டு கப் தயிரைக் கொட்டி, உப்பு போட்டுப் பிசைந்தோம். சோறு கொஞ்சம் பசைபோல ஒட்டியது. இட்லிப்பொடியைத் தொட்டுக்கொண்டு ஹோய் அன் விடுதியின் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தத் தயிர்ச்சோற்றை இன்னும் பேசிக்கொள்கிறோம்.

காபிக்குக் கவலை வேண்டாம். அவர்களும் சொட்டுச் சொட்டாக வடிகட்டித்தான் போடுகிறார்கள். கேட்காவிட்டால் ஐஸோடும் கெட்டிப்பாலோடும் வரும், சூடாக வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

8. துணி: எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாதீர்கள்

ஊருக்கு ஊர் கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் உண்டு. கிலோ முப்பதாயிரம் டாங் வாக்கில் வாங்குவார்கள். காலையில் போட்டால் மாலையிலோ மறுநாளோ கிடைக்கும்.

கொடுக்கும் முன் துணிகளைக் கட்டில்மேல் பரப்பி ஒரு படம் எடுங்கள். எண்ணிக்கை தெரியும், மாறினால் காட்டவும் முடியும். ஹனோயில் எங்களுக்கு வந்த பையைப் பிரித்தால் யாரோ ஒரு குழந்தையின் காலுறைகள். அந்தப் படத்தைக் காட்டியதும் கடைக்காரம்மா ஐந்தே நிமிடத்தில் எங்கள் பையைக் கண்டுபிடித்துவிட்டார். படம் இல்லாமல் கையாலும் சைகையாலும் ஒரு சாம்பல் நிறப் பேண்டை விவரிக்க முடியாது.

இருவரும் ஆளுக்கு ஒரு முழுச் செட்டைக் கொடுக்காமல் வைத்திருங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் துணி போடாதீர்கள். மின்சாரம் போனால், கடை பூட்டியிருந்தால், நீங்கள் துணிக்காகப் பேருந்தை விட வேண்டிவரும். சுருங்கும் பருத்தித் துணியைக் கையில் துவைத்துவிடுங்கள், உலர்த்தும் இயந்திரச் சூட்டில் அது ஒரு அளவு குறைந்தே வரும்.

மார்ச்சில் ஹனோய்ப் பக்கம் காற்றில் ஈரம் மிகுந்து தரையே வியர்த்திருக்கும். அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஏசியில் ஈரம் உறிஞ்சும் நிலை இருந்தால் அதை ஓட்டுங்கள். உள்ளாடைகளைத் துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்துவிட்டுக் காயப்போட்டால் பாதி நேரம் மிச்சம்.

9. தெருவும் வண்டியும்

சாலையைக் கடக்கும்போது கை கோத்து, ஒரே வேகத்தில், நிதானமாக நடங்கள். வண்டிகள் உங்களைச் சுற்றிப் போகும். நடுவில் ஒருவர் முன்னால் ஓடி ஒருவர் பின்வாங்குவதுதான் ஆபத்து, ஓட்டுபவரால் கணிக்க முடியாது.

வாடகைக்கு எடுக்கும் பைக்கைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே செல்லுபடியாகும் உரிமம் வேண்டும். கடைக்காரர் கேட்கமாட்டார், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உரிமம் சரியில்லை என்றால் மருத்துவச் செலவு முழுக்க உங்கள் தலையில். வடக்கே உள்ள ஹா ஜியாங் மலைச்சுற்றுக்கு உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. இருவருக்கு இரண்டு பைக், இரண்டு ஓட்டுநர். நாங்கள் அப்படித்தான் போனோம். பாஸ்போர்ட்டை எந்த வாடகைக் கடையிலும் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

பின்னால் உட்காருகிறவர் இடப்பக்கமாக இறங்குங்கள். புகைக்குழாய் வலப்பக்கம், அரைக்கால் சட்டையில் வலப்பக்கம் இறங்கினால் கெண்டைக்கால் சுட்டுவிடும். சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பற்பசை தடவாதீர்கள்.

10. ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால்

முதலில் அறையை இன்னொரு இரவுக்கு நீட்டுங்கள், பிறகு பேருந்தை ரத்து செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டுக்கு வேறு அறை தேடுவது கொடுமை.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ். நம் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, முழுதாக ஒரு லிட்டரில் கரையுங்கள். கண்ணளவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்பு அளவு தப்பிவிடும். அங்கே வாங்கினால் ஓரெசோல் என்று கேளுங்கள். பொட்டலத்தின் அளவு வேறு வேறாக இருக்கும், எத்தனை மில்லிக்கு என்று படித்துவிட்டுக் கரையுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். டெங்கு அங்கே உண்டு, அது தெளியும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, விடாத கடும் காய்ச்சல், சிறுநீர் வெகுநேரம் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் எண் 115. காப்பீட்டு எண்ணும் அவர்களுடைய தொலைபேசியும் இரு போனிலும் இருக்கட்டும்.

நல்லபடியாக இருப்பவர் தன்னைக் கவனிக்க மறந்துவிடுவார். நோயாளிக்குக் கஞ்சி, மருந்துக்கடை என்று ஓடி, மூன்றாம் நாள் அவரும் படுத்துவிடுவார். நோயாளி தூங்கும் நேரத்தில் நீங்களும் தூங்குங்கள்.

11. போன், பாஸ்போர்ட், ஆள் – எது தொலைந்தாலும்

ஆள் பிரிந்தால்: ஒவ்வொரு ஊருக்குப் போனதும் "பிரிந்தால் இங்கே" என்று ஓரிடம் பேசிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் சேராவிட்டால் விடுதிக்குத் திரும்ப வேண்டும். விடுதியின் அட்டை ஆளுக்கு ஒன்று சட்டைப்பையில். இருவரும் ஒருவரையொருவர் தேடி அலைந்தால் சேரவே மாட்டீர்கள்.

போன் போனால்: அடுத்தவர் போனிலிருந்து உடனே சிம்மையும் வங்கிச் செயலியையும் முடக்குங்கள். இதற்காகவே வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் போனால்: காவல்துறை எண் 113. முதலில் போலீஸ் அறிக்கை, பிறகு ஹனோயில் உள்ள இந்தியத் தூதரகம் அல்லது ஹோ சி மின் நகரில் உள்ள துணைத் தூதரகம், அங்கே கிடைக்கும் அவசரச் சான்றோடு வியட்நாம் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி. வரிசையை மாற்றினால் ஒவ்வொரு இடத்திலும் முந்தைய காகிதத்தைக் கேட்பார்கள். இதற்கு நாட்கள் ஆகும், விமானத்தை அப்போதே தள்ளிவையுங்கள்.

12. ஒருவரையொருவர் தாங்குவது

24 நாள், 24 மணி நேரமும் சேர்ந்து இருப்பது கல்யாணமாகி ஆறு வருடத்தில் எங்களுக்கு அதுதான் முதல் தடவை. பெரும்பாலான சண்டைகள் பசியிலும் வெயிலிலும்தான் வந்தன. பையில் எப்போதும் வாழைப்பழமோ ரொட்டியோ இருந்தால் பாதி சண்டை வராது. யாராவது "பசிக்குது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே சாப்பிட வேண்டும், இன்னும் நல்ல கடை தேடக் கூடாது.

முடிவுகளை நாள் மாற்றிப் பிரித்துக்கொண்டோம். ஒற்றைப்படை நாள் அவர் வழி காட்டுவார், இரட்டைப்படை நாள் நான். அன்றைய ஆள் தவறான தெருவில் கூட்டிப்போனாலும் மற்றவர் குறை சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஒரு அரைநாள் தனித்தனி. ஹோ சி மின் நகரில் அவர் புத்தகக் கடைத்தெருவில் இருந்தார், நான் ட்ருவோங் தின் தெரு மாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். தமிழர்கள் கட்டிய கோயில், அங்கே அன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். சுவரில் நெற்றியை வைத்து ஒரு அம்மா ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாலையில் கணவரிடம் சொல்ல எனக்கும் ஏதோ இருந்தது, அவருக்கும் இருந்தது.

13. திரும்பும் நாள்

டாங் நோட்டை நம் ஊரில் மாற்றுவது கடினம். கடைசி மூன்று நாளும் ஏடிஎம்மில் சிறு தொகையாக எடுங்கள். மிச்சத்தை விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் இருக்கும் கவுன்டரில் மாற்றுங்கள். பாஸ்போர்ட்டையும் விசா அச்சுப் பிரதியையும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், வெளியேறும்போதும் பார்ப்பார்கள்.

விடுதியை விட்டு இறங்கும் முன் ஒருவர் வாசலில் பைகளோடு நிற்க, மற்றவர் கட்டிலடி, குளியலறைக் கொக்கி, சுவர் பிளக் மூன்றையும் போய்ப் பாருங்கள். எங்கள் சார்ஜர் கடைசி நாள் காலை சுவரில்தான் இருந்தது.